நம் இல்லங்களில் இறைவாக்கு மனனம் – ஒரு வரலாற்றுப் பார்வை

விழா மலர்களில் பங்கு வரலாறு எழுதப் புகுவோர் கோவிலுக்குக் கால்கோள் இட்ட நாள், கொடிமரம் நாட்டிய நாள், மணிக்கூண்டு எழுந்த கதை, பணிபுரிந்த பங்குத் தந்தையரின் பெயர் வரிசை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவை யாவும் இம்மலரில் உரிய பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டதோ கல்வெட்டில் காணக் கிடைக்காத வரலாறு. முத்துக்குளித்துறையின் கத்தோலிக்க வீடுகளில் குழந்தைகள் செபங்களையும் மறைநூல் வார்த்தைகளையும் மனப்பாடம் செய்த வரலாறு அது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. மாலையில் விளக்கேற்றியதும் நீண்டதொரு செபத்தைப் புத்தகம் பாராமல் தொடங்கி, ஒரு சொல்லும் பிசகாமல் முடிக்க வல்ல பாட்டிமார் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அவர்கள் நாவில் இருந்தவை அவர்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுகின்றன. பேரப்பிள்ளைகளுக்கோ மறைக்கல்வித் தேர்வன்று வசனம் தெரிகிறது. தேர்வு முடிந்த மறு வாரம் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று பெற்றோர் குறைபட்டுக்கொள்கிறார்கள். நாம் அதை ஒப்புவதற்கில்லை. புதிய சினிமாப் பாட்டு ஒன்றை இரண்டே நாளில் இசையோடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஞாபகசக்தி இல்லை என்று யார் சொல்வது? குறைந்து போனது வேறொன்று. அது இன்னதென்று அறிய நாம் 1542ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

1535 முதல் 1537 வரையிலான காலத்தில் இக்கரையின் பரதவ மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியக் குருக்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. எனவே 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்து, உங்கள் விசுவாசம் யாது என்று கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் மக்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இச்செய்தி உள்ளது. அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் பெற்றோர் அதைத்தான் கவனிக்க வேண்டும். இக்கரைச் சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு, ஏதேனும் ஒரு செபத்தைக் கற்றுக்கொடுக்கும் வரை தம்மைக் கட்டளைச் செபம் சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ விடுவதில்லை என்று சவேரியார் எழுதுகிறார். ஆயிரமாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த, மொழி தெரியாத ஒரு சாமியாரை, மனப்பாடம் செய்ய ஒன்று கொடுங்கள் என்று நச்சரித்த பிள்ளைகள் நம் மூதாதையர்! மனப்பாடம் என்றாலே பிள்ளைகளுக்கு வேப்பங்காய் என்று எண்ணுவோர் இதனை நினைவில் வைக்கட்டும்.

அவர் கையாண்ட முறையை 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் விரிவாகக் காண்கிறோம். இரு மொழியும் அறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி, அரும்பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கினார். சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் முதலியவை அவற்றுள் அடங்கும். பின்பு அவற்றைத் தாமே முதலில் மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து, கிடைத்த சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். ஒரு மாத காலம் இவ்வாறு நடந்தது. அதன்பின் சிறுவர்களிடம் அவர் இட்ட கட்டளைதான் இவ்வரலாற்றின் மையம். நீங்கள் கற்றதை உங்கள் தந்தைக்கும் தாய்க்கும் வீட்டார் அனைவருக்கும் அண்டை அயலாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்பதே அது.

இதன் பொருளை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று பிள்ளை மனப்பாடம் செய்வது யாருக்காக? ஆசிரியையிடம் ஒப்பிப்பதற்காக, மதிப்பெண்ணுக்காக, பரிசாகக் கிடைக்கும் டிபன் பாக்ஸுக்காக. அன்று பத்து வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்தது, அன்றிரவே வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குருவாய் அமர்வதற்காக. வலையைச் சரிசெய்துகொண்டே தகப்பன் கேட்கிறான்; பிள்ளை சொல்லித் தருகிறது; தகப்பன் தடுமாறுகிறான்; பிள்ளை திருத்துகிறது. பெரியவரைத் திருத்தும் உரிமை கிடைத்தால் எந்தக் குழந்தைதான் மகிழாது?

பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பது தமிழருக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர் பின்னே சொல்லும் முறை நெடுங்காலமாய் இருந்ததே. பிற்காலத்தில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், சிறுவரே சிறுவருக்குக் கற்பிக்கும் முறையை விளக்கி 1797ல் நூல் வெளியிட, இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. சவேரியாரின் புதுமை வேறு. அவர் பிள்ளையைப் பள்ளியில் மட்டுமன்றி வீட்டிலும் ஆசானாக்கினார்.

அத்தோடு நின்றாரில்லை. நோயுற்றோர் வீடுகளிலிருந்து அவருக்கு ஓயாமல் அழைப்பு வந்தது. ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? செபம் தெரிந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகில் விசுவாச மந்திரத்தைப் பலமுறை சொல்லி, வேறு செபங்களும் சொல்லித் தேறுதல் கூறி வந்தார்கள். மனப்பாடம் செய்த வார்த்தை மறுநாளே ஒரு நோயாளிக்கு மருந்தாய்ப் பயன்பட்டது. பயன் கண்ட பொருளை மனம் விடுவதில்லை.

ஞாயிறு தோறும் ஊரார் அனைவரையும் கூட்டிச் சொல்ல வைத்த முறையும் அறியத்தக்கது. விசுவாச மந்திரத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்கச் செய்யவில்லை. ஒவ்வொரு பிரிவாய் நிறுத்தி நிதானமாய்ச் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். எல்லாரும் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, ஆம் என்று உரக்கச் சொல்வார்கள். நாவும் கையும் சேர்ந்து கற்றன. ஊரை விட்டுப் போகும்போது செபங்களை எழுதி வைத்துவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கற்பிப்போருக்கு ஊதியமாக ஆண்டுக்கு 4000 பணம் கிடைக்க வழி செய்தார். போர்த்துக்கல் நாட்டு இராணி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகை அது என்பர். இராணியின் செருப்புப் பணம் நம் பிள்ளைகளின் மந்திரப் படிப்புக்கு வந்தது, எண்ணிப் பார்த்தால் சுவையான செய்திதான்.

இனி ஒரு பிழையின் கதை. அவசரத்தில் செய்த அம்மொழிபெயர்ப்பில், விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் புகுந்துவிட்டது. மொழி பெயர்த்தவர்களுக்கு விசுவாசத்துக்கும் விருப்பத்துக்கும் வேறுபாடு தோன்றவில்லை போலும். சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, சர்வேசுரன் எனக்கு வேணும் என்று கடற்கரை முழுவதும் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். 1544ல் சவேரியார் தம் துணைவர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி 'வேணும்' என்று சொல்ல வேண்டாம், 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் என்று திருத்துகிறார். சின்னஞ்சிறு திருத்தம். ஆயினும் ஆயிரக்கணக்கான நாவுகளில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது எளிதா? முதலில் பதிந்ததே கடைசி வரை நிற்கும் என்பது பிள்ளை வளர்த்தோர் யாவரும் அறிந்ததே. பிழைபட்ட அச்சொல்லிலும் ஒரு பக்தி இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அதை இறையியலார் தீர்மானிக்கட்டும்.

சொல் திருத்தமாய் இருக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். 1547 முதல் 1600ல் இறக்கும் வரை இக்கரையிலேயே உழைத்து, தமிழ் இலக்கணம் எழுதி, தமிழை எழுதவும் பேசவும் வல்லவரானார். 1554ல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய சிறு நூல் ஒன்று அச்சாகியிருந்தது. வின்சென்ட் நாசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூன்று தமிழர்கள் அதற்கு உழைத்தார்கள். ஆனால் அதன் எழுத்து இலத்தீன் எழுத்து. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைத்திருப்பது, ஹென்றிக்கஸ் அடிகளார் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். அச்சுப் பணிக்குப் பரதவ மக்கள் பொருள் தந்து உதவினார்கள். அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. அது கேள்வியும் விடையுமாய் அமைந்தது. ஒருவர் கேட்க மற்றவர் சொல்லும் அவ்வமைப்பு வீட்டில் இருவர் அமர்ந்து கற்க மிகவும் ஏற்றது. தமிழ் அச்சு நூல்களின் வரலாறு, பிள்ளைகளின் மனப்பாடத்துக்கென்று வந்த சிறு நூல்களில் தொடங்குகிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இந்த வீட்டு மனப்பாடத்தின் வலிமை வெளிப்பட்டது துன்ப காலத்தில். 1773ல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்கு வந்து சேரும் வரை, பரந்த நிலப்பரப்புக்குக் குருக்கள் மிகச் சிலரே. பல ஊர்களில் பூசை என்பது அரிதினும் அரிது. புத்தகம் வாங்க வசதியில்லை. வாங்கினாலும் வாசிக்கத் தெரிந்தவர் சிலர். அந்த இரண்டு தலைமுறைக் காலம் விசுவாசம் அணையாதிருந்தது உபதேசியார்களாலும், அடுப்படியில் அமர்ந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மாராலும்தான். 1727ல் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்று 'வேதியர் ஒழுக்கம்' எழுதி வைத்தார். தாய்மாருக்கு யாரும் நூல் எழுதவில்லை. அவர்களுக்குத் தேவையும் இருக்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அவர்கள் மனப்பாடம் செய்தது செபமும் குறிப்பிடமும்தானே, வேதாகம வசனம் அன்றே என்று. பிற சபைச் சகோதரர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதிகாரமும் எண்ணும் சேர்த்து வசனம் சொல்வதைக் கண்டு நாமும் சற்று நாணியிருக்கிறோம். அவர்களிடம் கற்க வேண்டியது இதில் உண்டு, மறைப்பானேன்? 1715லேயே தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர்கள் அவர்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு வசனமே தெரியாது என்பது சரியன்று. பரலோக மந்திரம் மத்தேயு 6ஆம் அதிகாரம். அருள் நிறைந்த மந்திரத்தின் முற்பகுதி லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதரும் எலிசபெத்தம்மாளும் சொன்ன வார்த்தைகள். மணியடித்ததும் சொல்லும் திரிகால செபத்தில் லூக்காவும் இருக்கிறார், யோவானும் இருக்கிறார். தேவமாதாவின் பாடலும் சிமியோன் முதியவரின் பாடலும் அப்படியே நற்செய்தி. எழுத்தறியாத நம் பாட்டிமார் வேதாகமத்தை நாள்தோறும் ஓதிக்கொண்டிருந்தார்கள். அதிகார எண் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இன்று செய்யத்தக்கது எளிது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த செபத்தைச் சொல்லச் செய்து, அதன் பின் விவிலியத்தைத் திறந்து, இதோ நீ சொன்னது இங்கே இருக்கிறது பார் என்று காட்ட வேண்டும். தன் வாயில் இருப்பது புத்தகத்திலும் இருக்கக் காணும் பிள்ளையின் வியப்பே வியப்பு. அதன் முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் தாமே ஒட்டிக்கொள்ளும்.

மறைநூலே மனப்பாடத்துக்கென்று கட்டப்பட்ட இடங்களும் உண்டு. 119ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்வோம். 176 வசனங்கள். எபிரேய எழுத்துகள் 22. எழுத்துக்கு 8 வசனமாக, ஒவ்வொரு பகுதியும் அந்தந்த எழுத்திலேயே தொடங்குகிறது. நம் ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் அமைத்ததும் இதே நோக்கம்தான். மொழிபெயர்ப்பில் அந்த எழுத்து வரிசை போய்விடுவது நம் இழப்பு. இணைச்சட்ட நூல் 6ஆம் அதிகாரமோ, இறைவார்த்தையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கையிலும் வழி நடக்கையிலும் படுக்கையிலும் எழுகையிலும் சொல்லுமாறு கட்டளையிடுகிறது. ஆலயத்துக்குக் கொண்டு போய்ச் சொல்லிக்கொடு என்று அங்கே இல்லை. நாசரேத்தூர் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும். சிலுவையில் தொங்கிய வேளையில் நம் ஆண்டவரின் வாயில் வந்தது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி.

பின் ஏன் மனப்பாடம் என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கும் நிலை வந்தது? வீட்டிலிருந்து அது வெளியேறியதே காரணம் என்பது நம் கருத்து. 1905ல் பத்தாம் பத்திநாதர் பங்கு தோறும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஞானோபதேசம் நடத்தப் பணித்தார். 1910ல், புத்தி விவரம் அறியும் ஏழு வயதளவிலேயே புது நன்மை வழங்கலாம் என்று விதித்தார். இரண்டும் பெருநன்மைகள். ஆனால் ஞானோபதேச வகுப்பு வந்ததும் பெற்றோர் கை கழுவினார்கள். உபதேசியார் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அவரோ அறுபது எழுபது பிள்ளைகளைக் கோவில் முற்றத்தில் வைத்துக்கொண்டு, சின்னக் குறிப்பிடத்தைப் பிரம்பின் துணையோடு ஒப்பிக்க வைத்தார். தவறினால் வெயிலில் முழந்தாள். பூசைக்கு உதவும் சிறுவர் பொருள் தெரியாமலே இலத்தீனை உருப்போட்டார்கள். அவற்றை இன்றும் மறக்காத முதியவர்கள் நம்மிடையே உண்டு. மறக்கவில்லை என்பது உண்மை, மகிழ்ந்தார்களா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் நாள் இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டு, விவிலியத்தை எல்லா விசுவாசிகளின் கையிலும் கொடுக்கச் சொன்னது. திருப்பலி தமிழில் வந்தது. 1995ல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் வந்தது. இவ்வளவு செல்வம் கைக்கு வந்தபோது வீட்டுச் செபத்தின் நேரத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. இப்போது கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. மொழி மாறியதில் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. பாட்டி பழைய நடையில் தொடங்குகிறாள், பேத்தி புதிய நடையில் முடிக்கிறாள். இடையில் இருவரும் நின்றுவிடுகிறார்கள். நல்லாயன் திருப்பாடல் பாட்டியின் பழைய புத்தகத்தில் 22, பேத்தியின் புத்தகத்தில் 23. சவேரியார் காலத்து 'வேணும்' போல் இது பிழையன்று; இரண்டும் திருச்சபை தந்த சொற்களே. பாட்டியைத் திருத்த வேண்டாம். வீட்டில் மனப்பாடம் செய்ய ஒரு மொழிபெயர்ப்பைத் தேர்ந்துகொண்டு, வசனத்துக்கு வசனம் மாற்றாதிருந்தால் போதும். பாட்டியின் நடையை ஒரு நாள் பேத்தி கற்றுக்கொண்டு, பேத்தியின் நடையை மறுநாள் பாட்டி கற்றுக்கொண்டால் அதைவிட நல்லது.

வீட்டில் தொடங்க விரும்புவோர் சவேரியாரின் முறையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். நாளுக்கு இருமுறை, சிறிது நேரம். ஒரே நாளில் இருபது தடவை சொல்லி உருப்போடுவதைவிடச் சில நாள்களில் பரப்பிச் சொல்வது நிலைக்கும் என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885ல் ஆராய்ந்து எழுதினார்; நம் ஊரில் காலையும் மாலையும் மணி அடித்தபோதே அது நடைமுறையில் இருந்தது. பெற்றோர் தாமும் கற்க வேண்டும். தமக்குத் தெரியாததைப் பிள்ளையிடம் ஒப்பிக்கக் கேட்பது கணக்கு வாங்குவது போல் ஆகிவிடும். பிள்ளை சொல்லித்தரட்டும், தகப்பனார் தடுமாறட்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கும், சின்னப் பிள்ளை வெளியூரில் வேலை செய்யும் அப்பாவுக்குக் கைப்பேசியிலும் சொல்லித் தரலாம். மெட்டுப் போட்டுப் பாடுவதும், கைதட்டுவதும், சைகை செய்வதும் மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தவக்காலப் பாட்டுகள் மெட்டினால்தான் தலைமுறை தாண்டி வந்தன. வாரத்துக்கு ஒரு வசனம் மிகுதி என்றால் மாதத்துக்கு ஒன்று போதும். போட்டியும் பரிசும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டிக்காக மட்டும் வசனம் படிப்பது, திருவிழாவுக்கு மட்டும் வீடு கூட்டுவதைப் போன்றது.

நோயாளி வீட்டு வழக்கத்தை மீட்பது பற்றியும் பங்குப் பேரவை எண்ணலாம். முதல் வெள்ளிதோறும் வெளியே வர இயலாத முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்லப்படுகிறது. அவ்வீடுகளுக்கு உடன் செல்ல இரண்டு சிறுவர், இரண்டு சிறுமியர் போதும். அம்மாதம் கற்ற வசனத்தை அவர்கள் அங்கே நிதானமாய்ச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும், படுத்திருக்கும் அந்தப் பாட்டி தமக்குத் தெரிந்த பழைய செபம் ஒன்றைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். பழைய செபங்களில் சில இன்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்காமல் போகலாம். எழுதி வந்தவற்றைக் கோவில் நூலகத்தில் சேர்த்துவைக்க இடம் இருக்கிறது.